கூதிர்காலத் துணிகளும் ஒரு கடைக்காரரின் கணக்கும்

இலையுதிர் காலத்தை அமெரிக்கர்கள் ‘ஃபால்’ என்பார்கள். பிரேசர் டவுனில் பொட்டிக் நடத்தும் நம் வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இச்சொல்லைச் சொன்னபோது, “சேலைக்கா சார்? பீக்கோவும் சேர்த்தா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சேலையின் கீழ்க்கரையில் உட்புறமாகத் தைக்கும் பட்டைத் துணிக்குத்தான் நம்மூரில் ஃபால்ஸ் என்று பெயர். ஆனால் அந்தப் பருவத்தை அவர் அறியாதவர் அல்லர். அவர் கடையின் ஓராண்டு விற்பனையில் பாதிக்கு மேல் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில்தான் நடக்கிறது. மீதி எட்டு மாதங்களும் அந்த நான்கு மாதங்களை எதிர்பார்த்தோ, அவற்றின் எச்சத்தைத் தீர்த்தோ கழிகின்றன.

வாடிக்கையாளரின் கணக்கைப் பற்றிய மறைவு காப்பது வங்கியாளரின் கடமை. ஆகவே அவர் பெயரையோ, கடையின் பெயரையோ, தெருவையோ இங்கு எழுதவில்லை. தொகைகளை மட்டும், அவருடைய இசைவுடன், முழு எண்களாக்கித் தந்திருக்கிறோம்.

தமிழ் இலக்கண நூலார் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மேலைநாட்டு இலையுதிர் காலத்தோடு இது ஏறத்தாழப் பொருந்தினாலும் தன்மை வேறு. பெங்களூரின் மரங்கள் அக்டோபரில் இலை உதிர்ப்பதில்லை. அந்த வேலையைத் தை, மாசியில்தான் செய்கின்றன. செப்டம்பரும் அக்டோபரும் இந்நகரின் மழை மிகுந்த மாதங்கள். பகலில் 27, 28 பாகை வெப்பமும், இரவில் போர்வை தேடும் குளிரும் சேர்ந்து வரும். பாரிசிலும் மிலானிலும் இலையுதிர்கால ஆடைகளின் அணிவகுப்பைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே நடத்தி முடித்துவிடுகிறார்கள். அங்கு காட்டிய நிறங்கள் ஜூன் மாதத்திற்குள் சிக்பேட்டையின் மொத்த வியாபாரிகளிடம் ஏதேனும் ஒரு வடிவில் வந்து சேர்ந்துவிடும். எந்த நிறத்தை எத்தனை மீட்டர் வாங்குவது என்பதை நம் வாடிக்கையாளர் ஜூலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். வாங்கப் பணம் வருவதோ ஆஷாடத் தள்ளுபடி விற்பனையிலிருந்து. கன்னட ஆஷாடமும் தமிழ் ஆடியும் சில நாள்கள் முன்பின்னாக வருவதால், இரு வகை வாடிக்கையாளருக்கும் ஒரே தள்ளுபடிப் பலகை போதும் என்பார்.

கடை இருக்கும் கட்டடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1898-இல் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கடி மிகுந்த தண்டுப் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றிக் காற்றோட்டமான புதிய குடியிருப்புகளில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. அவ்வாறு 1906-இல் தொடங்கப்பட்டதே பிரேசர் டவுன். மைசூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. நகராட்சிப் பொறியாளர் ஸ்டீபன்ஸ், கொள்ளைநோய் அணுகாத வகையில் பெங்களூரில் நகரமைப்பது எப்படி என்று 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். எலி புகாத வீடு என்பது அக்காலத்தில் உயிர் காக்கும் தொழில்நுட்பம். இன்று ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் புலிகேசி நகர். ஆட்டோ ஓட்டுநர்களிடம் அப்பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார்கள்.

நம் வாடிக்கையாளரின் கடை, பழைய ஓட்டு வீடு ஒன்றின் முன்பகுதி. தரை தெருவை விட மூன்று படி உயரம். “அந்தக் காலத்தில் எலிக்குப் பயந்து உயர்த்திக் கட்டினார்கள். இன்று மழைநீருக்கு உதவுகிறது. துணிக்கு இரண்டுமே எதிரி” என்றார். அவருடைய முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்து தண்டுக்குப் பொருள் வழங்க வந்தவர்கள். 1809-இல் பிரிட்டிஷ் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியபோது அதன் பின்னால் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தக்காணி உருதுவும், வாடிக்கையாளரிடம் ஆங்கிலம் என நான்கு மொழிகளில் அவர் துணியை விலை பேசுவார்.

காலை எட்டு மணிக்குக் கோல்ஸ் பூங்காவில் நடந்துவிட்டு, பத்து மணிக்குள் கடையைத் திறந்துவிடுகிறார். முதல் வேலை விற்பனையன்று. அளவுப் புத்தகத்தைத் திறந்து, அன்று தர வேண்டியவை எவை என்று பார்ப்பது. பின்கட்டில் மூன்று தையற்காரர்களும் துணி வெட்டும் மாஸ்டரும் இருக்கிறார்கள். மாஸ்டர் இருபது ஆண்டுகளாக உடனிருப்பவர். அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டால் உரிமையாளர்கூட அதை மாற்றச் சொல்வதில்லை. பதினொரு மணிக்கு முந்தைய நாளின் திருத்த வேலைகள் வரும். பிடிக்கிறது, தளர்கிறது, கழுத்து இறங்கிவிட்டது, கொக்கி கண்ணில் மாட்டவில்லை. இவற்றிற்குக் கூலி வாங்குவதில்லை. “திருத்தம் கேட்டு வருபவர் திரும்பியும் வருவார் சார். சொல்லாமல் போகிறவர்தான் போய்விடுவார்” என்பது அவர் கொள்கை.

நண்பகலில் ஆட்டோ பிடித்துக் கமர்ஷியல் தெருவுக்குச் செல்வார். ஒரு சேலைக்குப் பொருத்தமான சரிகை ஓரம், ஒரு கோட்டிற்கு எட்டுப் பொத்தான் என்று சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக ஒரு மணி நேரம் அலைவார். ஒருமுறை நாமும் உடன் சென்றோம். அரக்கு நிறத்தில் மட்டும் பதினொரு வகை நூற்கண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, பன்னிரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மாலை நான்கு முதல் எட்டு வரைதான் உண்மையான வியாபாரம். நவராத்திரிக்கு ஒன்பது நிறம் தேடி வரும் அலுவலகப் பெண்கள், கிறிஸ்துமஸுக்கு இப்போதே அளவு கொடுத்துவிடும் தாய்மார்கள், மகளின் நிக்காஹ்வுக்குத் துணி எடுக்கும் குடும்பங்கள் என அடுத்தடுத்து வருவார்கள். இளையவர்கள் அவரை ‘ஆன்ட்டி’ என்பார்கள். தமிழ் தெரிந்தவர்கள் ‘அக்கா’ என்பார்கள். எட்டரைக்குக் கதவைச் சாத்திய பின்னும், யுபிஐ வரவுகளைப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே விளக்கை அணைப்பார். இந்த வழக்கத்தை நம் வாடிக்கையாளர் அனைவருக்கும் பரிந்துரைக்க விரும்புகிறோம். நாள்தோறும் பத்து நிமிடம், ஆண்டிறுதியில் பத்து நாள் மிச்சம்.

இவ்வாண்டுக் கூதிர்காலத்தில் அவர் கடையில் விரும்பி வாங்கப்பட்டவை எவை என்று வாசகர்கள், குறிப்பாக வாசகியர், அறிய விரும்பலாம். நிறங்களில் கடுகு மஞ்சள், இரும்புத்துரு, நாவற்பழம், பாசிப்பச்சை ஆகியவை முன்னே நின்றன. எம்.எஸ். நீலம் எந்த ஆண்டும் பின்தங்குவதில்லை. துணிகளில் கர்நாடகத்தின் கைத்தறிக்கே முதலிடம். பாகல்கோட்டை மாவட்டத்துக் குளேதகுட்டாவில் நெய்யப்படும் கண ரவிக்கைத் துணியை அவர் ரவிக்கைக்கு மட்டும் விடாமல், குர்த்தாவின் தோளிலும் கைமுனையிலும் வைத்துத் தைத்திருந்தார். அதே மாவட்டத்து இல்கல் சேலையில் உடலின் பாவையும் பட்டு முந்தானையின் பாவையும் தனித்தனியே எடுத்து, கண்ணி கண்ணியாகக் கோத்து இணைப்பார்கள். பழசாகி உடல் கிழிந்த இல்கல் சேலைகளைக் கொண்டுவரும் வாடிக்கையாளரிடம், முந்தானையை மட்டும் காப்பாற்றித் துப்பட்டாவாக்கித் தருகிறார். நாம் பார்த்தவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தது அதுவே.

தார்வாட்டுக் கசூதித் தையல் இன்னொரு விருப்பம். முடிச்சிடாமல் நூலை ஓட்டி, கவந்தி, முர்கி என்னும் வகைகளில் துணியின் இருபுறமும் ஒரே தோற்றம் வருமாறு தைப்பது அது. கையால் தைத்த கசூதிக்கும் இயந்திரம் தைத்ததற்கும் வேறுபாடு காண, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாலே போதும் என்று நமக்குக் கற்றுக் கொடுத்தார். கடன் விண்ணப்பத்தையும் நாம் அப்படித்தான் பார்ப்போம் என்றோம். அவருக்கு அந்த நகைச்சுவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காரணம், அதற்கு முந்தைய மாதம் நடந்த ஒன்று.

அவருக்கு நம் கிளையில் முத்ரா திட்டத்தின் தருண் பிரிவில் ரொக்கக் கடன் இருக்கிறது. சிறு தொழில்களுக்கு நடைமுறை மூலதனம் கணக்கிடும்போது வங்கிகள் நாயக் குழுவின் எளிய முறையைப் பின்பற்றுகின்றன. ஆண்டு விற்றுமுதலில் 25 சதவீதம் தேவை எனக் கொண்டு, 5 சதவீதத்தை உரிமையாளரும் 20 சதவீதத்தை வங்கியும் இடுவது அம்முறை. விற்றுமுதல் 42 லட்சம். ஆகவே அவருடைய வரம்பு 8.4 லட்சம். கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. போட்ட பணம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, ஆண்டுக்கு நான்கு சுற்றாக, ஒரே சீராகத் திரும்பி வரும் என்பதே அது. மளிகைக் கடைக்கு இது பொருந்தும். பொட்டிக்கிற்கு ஆகஸ்டில் 14 லட்சம் தேவைப்படும். பிப்ரவரியில் 5 லட்சமே மிகுதி. நம் வரம்பு நேர்கோடு. அவர் தொழில் அலை.

ஜூலை இறுதியில் அவர் பருவகாலக் கூடுதலாக 3 லட்சம் கேட்டார். இருப்பைப் பார்வையிட நாம் சென்றோம். சரக்கு அறிக்கையில் 12 லட்சம் காட்டியிருந்தார். கடனுக்கு வாங்கியது 1 லட்சம். எல்லாம் சரியாக இருந்தது, பின்கட்டுப் பரணில் பாலித்தீன் சுற்றிய சுருள்களைக் காணும் வரை. அடர்பச்சையும் அரக்குமாக 220 மீட்டர் வெல்வெட், மீட்டர் 500 ரூபாய் வீதம் 1.1 லட்சம். 2024 இலையுதிர் பருவத்திற்கு வெளிநாட்டு இதழ்களைப் பார்த்து வாங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் பெங்களூரைப் பெருமழை தாக்கியது நினைவிருக்கும். ஈரக்காற்றில் வெல்வெட்டை அணிய யாருக்கு மனம் வரும்? ஒரு சுருள்கூட முழுதாகத் தீரவில்லை.

ஓராண்டாக நகராத சரக்கை ஈடாக எண்ணுவதற்கில்லை. அதை நீக்கினோம். விளிம்புத் தொகை 20 சதவீதம் போக, அவர் எடுக்கத் தகுந்த தொகையில் 88,000 ரூபாய் குறைந்தது. “துணி கெடவில்லை சார், காலம்தான் தவறியது. வாங்கிய விலை வாங்கிய விலைதானே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் உணர்ந்து பார்த்தால், நாம் அதற்கு முந்தைய இரு அறிக்கைகளிலும் அதே வெல்வெட்டைப் பரணில் ஏறிப் பார்க்காமலே முழு விலைக்கு ஏற்றுக்கொண்டிருந்தோம். அன்றே சொல்லியிருந்தால் கோடையிலேயே ஏதேனும் செய்திருப்பார். அந்தக் குறை நம்முடையது. அவரிடம் அதைச் சொன்னோம்.

தருண் பிரிவின் உச்சம் 10 லட்சம். அதற்கு மேல் 20 லட்சம் வரை செல்லும் தருண் பிளஸ், முன் வாங்கிய தருண் கடனைத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கே உரியது. ஆகவே கூடுதலாக 1.5 லட்சம் மட்டும், டிசம்பர் 31-க்குள் தீர்க்கும் நிபந்தனையோடு பரிந்துரைத்தோம். கேட்டதில் பாதி. அதைக் கொண்டு அவர் வாங்கியவற்றுள் முக்கியமானது, மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்த அச்சுத்துணிக் கோட்டுகள் அறுபது. ஒன்றின் அடக்க விலை 1,650 ரூபாய். வரிக்கு முந்தைய விற்பனை விலை 2,800 என்று சீட்டும் கட்டிவிட்டார்.

செப்டம்பர் 3 அன்று சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் புதிய விகிதங்களை அறிவித்தது. செப்டம்பர் 22 முதல், அதாவது நவராத்திரியின் முதல் நாளில், அவை நடைமுறைக்கு வந்தன. முன்பு 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் இருந்தது. இப்போது 2,500 ரூபாய் வரை 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. சேலைகளுக்கு மாற்றமில்லை. 1,800 ரூபாய்க் குர்த்தா வரியோடு 2,016-இலிருந்து 1,890 ஆக இறங்கியது, நல்ல செய்தி. 9,000 ரூபாய் மணப்பெண் உடைக்கு வரி 540 ரூபாய் ஏறியது.

அறிவிப்பைக் கேட்ட மக்கள் என்ன செய்வார்கள்? “இருபத்திரண்டுக்குப் பிறகு வருகிறோம், அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செப்டம்பரின் அந்த இரண்டரை வாரம் கடை ஏறத்தாழ உறங்கியது. வாடகை உறங்கவில்லை, தையற்காரர் சம்பளம் உறங்கவில்லை, நம் வட்டியும் உறங்கவில்லை. கணக்கில் 9.9 லட்சமும் எடுத்தாகிவிட்டது. ஒருநாள் மாலை கிளைக்கு வந்து, எதுவும் கேட்காமல், மேசையின் எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சென்றார். சம்பளத்திற்காகத் தம் நகைச் சீட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டதைப் பின்னர்தான் அறிந்தோம்.

கோட்டுகளின் கணக்கை நாம் இருவரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். 2,800-க்கே விற்றால் வரியோடு 3,304. விலையை 2,500 ஆகக் குறைத்தால் வரியோடு 2,625. கடைக்கு ஒரு கோட்டில் 300 ரூபாய் போகிறது. வாங்குபவருக்கு 679 ரூபாய் குறைகிறது. அறுபது கோட்டுக்கும் சேர்த்து இழப்பு 18,000. அப்படியும் ஒன்றுக்கு 850 ரூபாய் நிற்கும். அவர் தாளை வாங்கி மடித்துக்கொண்டார். மறுநாள் மாஸ்டரின் மகன் உட்கார்ந்து அறுபது விலைச்சீட்டுகளையும் மாற்றி எழுதினான். ஆயத்த ஆடைகளை 12 சதவீத வரி கட்டி வாங்கி, 5 சதவீதத்திற்கு விற்றதில் மிஞ்சிய உள்ளீட்டு வரி வரவு இன்னும் அவர் கணக்கில் நிற்கிறது. அது மெல்லத்தான் கரையும். இதே நிலையில் உள்ள வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்காயரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

செப்டம்பர் 22 மாலை கடையில் நிற்க இடமில்லை. அக்டோபர் 20-ஆம் நாள் தீபாவளிக்குள் நாற்பத்தொரு கோட்டுகள் போயின. மழை இவ்வாண்டும் வந்தது. ஆனால் பஞ்சுக் கோட்டு மழைக்கும் குளிருக்கும் நடுவில் நிற்கும் ஆடை. மாலையில் பைக்கில் வீடு திரும்பும் பெண்களே மிகுதியாக வாங்கினர் என்றார். டிசம்பர் நடுவில் ஆறு மட்டும் எஞ்சின. கூடுதல் 1.5 லட்சத்தை இரண்டு தவணையாகக் கட்டி, 24-ஆம் தேதி தீர்த்தார்.

அடுத்த ஆண்டு கூடுதல் வரம்பை ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைக்கு முன்கூட்டியே வகுத்துவிடலாம் என்று நாம் மேலிடத்திற்கு எழுதியிருக்கிறோம். பருவத் தொழில்களுக்கு உச்சகால வரம்பு, மந்தகால வரம்பு என்று இரண்டு வைப்பது வங்கிகளுக்குப் புதிதன்று. சர்க்கரை ஆலைகளுக்கு நெடுங்காலமாகச் செய்கிறோம். முன்வாசல் மூன்று படி உள்ள ஒரு கடைக்கும் அதைச் செய்ய வழியிருக்கிறது. இதற்கு அவர் செய்ய வேண்டியது, கடந்த மூன்றாண்டு மாதவாரி விற்பனையை ஒரு தாளில் எழுதித் தருவது. பற்றுச்சீட்டுகளை நாள்தோறும் ஒப்பிட்டு வந்தவர் என்பதால் அதை ஒரே மாலையில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அத்தாளை வாங்கச் சென்ற நாளில் வெல்வெட் பரணில் இல்லை. வெட்டு மேசையில் விரிந்து கிடந்தது. மணிக்கழுத்து வைத்த சிறுமியர் கவுன்கள், சிறுவர்களுக்கு அரைக்கோட்டு எனக் கிறிஸ்துமஸுக்காக அக்கம்பக்கத்துத் தேவாலயக் குடும்பங்கள் கேட்ட உடைகள். குழந்தை உடைக்கு ஒன்றே கால் மீட்டர் போதும். பெரியவர்கள் உடுத்தத் தயங்கிய துணியைப் பிள்ளைகளுக்கு உடுத்திப் பார்க்க யாரும் தயங்குவதில்லை. மாஸ்டர் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் எண்பது மீட்டர் பாக்கி என்றார் உரிமையாளர். பிறகு, “மாத இறுதி அறிக்கையில் இதைத் துணி என்று எழுதட்டுமா, உடை என்று எழுதட்டுமா?” என்று கேட்டார்.

பொத்தான் வைத்து முடித்ததை மட்டும் உடை என்று எழுதுங்கள் என்றோம்.